பங்குக்காரி

"மொதல்ல கழியப் புடி பாய், அப்பால பேசிக்கலாம்" என்றாள் பச்சையம்மா. அமீருதீன் பாய் சைக்கிளை இன்னும் தென்னை மரத்தில் சாய்க்கக்கூட இல்லை. ராயபுரத்தில் வலை நூல் கடை வைத்திருக்கும் கௌரவமான மனிதர், ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில், எண்ணூர் சாலையின் லாரிப் புழுதியெல்லாம் குடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அந்தக் குப்பத்தில் நாதியில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டைச் சாயம் கொதிக்கும் பெரிய தேக்சாவுக்குள் சவுக்குக் கழியை விட்டு உள்ளே கிடந்த வலையைப் புரட்ட ஆரம்பித்தார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

பச்சையம்மாளிடம் யார் பேச வந்தாலும் கழி கைக்கு வந்துவிடும். மீன் இலாகாவிலிருந்து ஒரு முறை வெள்ளைக் கால்சட்டை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். அவரும் கிளறினார். அன்று தெறித்த பட்டைச் சாயம் அவர் பென்ஷன் வாங்கும்வரை போகாது என்று குப்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கையில் வேலை இருந்தால் வாயில் பொய் வராது என்பது அவள் கட்சி. இதற்கு ஆதாரம் கேட்டால் கிடைக்காது.

நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. முழங்கைவரை இரண்டு கையும் ஆவாரம்பட்டைச் சாயம் ஊறிச் செங்காவி நிறத்தில் இருக்கும்; எத்தனை தேய்த்தாலும் போகாது. சாயம் பதமாகிவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் துணியை நனைப்பார்கள், இவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வாள். நாக்கு இழுத்துப் பிடித்தால் பதம். முகத்தை அஷ்ட கோணலாக்கிக்கொண்டு காறித் துப்பிவிட்டு, "ம், எறக்கு" என்பாள். வலைகளோடு பேசுகிற பழக்கமும் உண்டு. "இன்னாடி, போன அமாவாசைக்குத்தான குளிச்சே, அதுக்குள்ள இவ்ளோ கலீஜா வந்து நிக்கிறே?" என்று ஒரு வலையை அவள் அதட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், புதிதாக வருகிறவர்கள் பின்னால் யாரோ குழந்தை நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு மட்டும் அவள் எந்த வலையையும் அதட்டவில்லை. கண் அடிக்கடி கடல் பக்கம் போய் வந்தது. அமீருதீன் கவனித்துவிட்டார். செல்லம்மாளின் புது வலை அன்று விடியற்காலையில்தான் முதல் முதலாகக் கடலுக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்து, கரையில் மீனைப் பிரிக்கும்போது என்ன ஆகும் என்பதுதான் இருவர் மனதிலும் இருந்த கவலை.

செல்லம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. தை மாதம் புருஷன் கடலோடு போய்விட்டான். கையில் ஒரு பெண் குழந்தை. புருஷனின் அண்ணன் பொன்னுரங்கம் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வலை போயிருப்பதும் பொன்னுரங்கத்தின் கட்டுமரத்தில்தான். அந்தக் கரையில் பங்கு வழக்கம் தலைமுறை தலைமுறையாக ஒன்றுதான்: வந்த மீனில் கடலுக்குப் போன ஆளுக்கு ஆள் ஒரு கூறு, மரத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு. வலைக்கு உரிய கூறு வலைக்குச் சொந்தக்காரருக்கு. அந்தக் கூறு செல்லம்மாளுக்கு வரவேண்டும். ஆனால் பொன்னுரங்கம் முந்தின நாளே சொல்லிவிட்டான்: "ஒரே வூட்டுக்குள்ள இன்னாத்துக்குப் பங்கு? அவளுக்கு நான் சோறு போட மாட்டனா?"

பொன்னுரங்கம் கெட்டவன் இல்லை. சோறு போடுவான். தம்பி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர்த் தேருக்குப் போவான். அதனால்தான் அவனை எதிர்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது.

பச்சையம்மாளின் கதையைச் சொல்ல வேண்டுமானால் தேக்சாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாலு ஆள் சேர்ந்து தூக்கும் பெரிய செம்புப் பாத்திரம் அது. அமீருதீனின் தகப்பனார் காலத்தில் ரமலான் மாதம் முழுவதும் அதில்தான் ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். பெருநாளைக்கு முந்தின நாள் குப்பத்து விதவைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு படி அரிசி. தகப்பனாருக்குப் பிறகு மகனும் ஒரு குறையும் வைக்காமல் நடத்தி வந்தார். வரிசை மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. போன வருஷம் அம்மா நின்ற இடத்தில் இந்த வருஷம் மகள் நின்றாள். அதையும் அவர் அல்லாவின் பரக்கத், அவன் அருள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அரிசிக்கு ரேஷன், நூலுக்குக் கண்ட்ரோல். முந்தின ஐப்பசிப் புயலில் புருஷனைப் பறிகொடுத்த பச்சையம்மா அந்த வரிசையில் முதல் தடவையாக வந்து நின்றாள். அவள் முறை வந்தது. கூடையை நீட்டவில்லை.

"அரிசி வாணாம் பாய். நூலு குடு."

"நூலைத் தின்னவா போறே?" என்று சிரித்தார் அமீருதீன்.

"மரத்துக்கு ஒரு பங்கு கீது, வலைக்கு ஒரு பங்கு கீது. மரத்துக்கு வாய் கீதா? வலைக்கு வயிறு கீதா? அதுங்களுக்கே பங்கு குடுக்கசொல்லோ எனுக்கு இன்னாத்துக்கு பாய் பிச்ச? நூலு குடு. நான் பின்னிக்கிறேன்."

படியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். தலைமுறையாக அந்தக் குப்பத்துக்கு நூல் விற்ற குடும்பம். வலைப்பங்கு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாததா? அதில் ஒரு பொம்பிளை உட்கார இடம் இருக்கிறது என்பதுதான் அதுவரை கண்ணில் படவே இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோகும். "எங்க வாப்பாவுக்கும் தோணல, எனக்கும் தோணல. பசியோட வரிசையில நின்ன பொம்பளைக்குத் தோணுச்சு" என்பார்.

கண்ட்ரோல் காலத்தில் இரண்டு கட்டு நூலைத் தூக்கிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. கொடுத்தார். இரண்டு மாதத்தில் வலை தயாராயிற்று. புருஷனோடு தொழிலுக்குப் போன குமாரவேலு அதைத் தன் மரத்தில் ஏற்றிக்கொண்டான். கூறு வந்தது. மறு வருஷ ரமலானில் பச்சையம்மா வரிசையில் இல்லை.

இதைப் பார்த்ததும் அமீருதீனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கட்டு நூலுக்கு இத்தனை பலனா! அந்த வருஷ ஜகாத் தர்மத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பின்னிய வலைகளாகவே ஆறு தருவித்து, ஆறு விதவைகளைக் கடை வாசலுக்குக் கூப்பிட்டு, நாலு பெரிய மனிதர்கள் முன்னிலையில் கொடுத்தார். அப்போது ஒரு மாதம் பாய் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார் என்று சொல்ல வேண்டும்.

பொங்கலுக்குள் ஆறு வலையும் இற்றுப்போயின. பருத்தி நூல் வலைக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஆவாரம்பட்டை வேகவைத்த சாயம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் தின்றுவிடும். நூல் விற்கிறவர், வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லி அனுப்புகிறவர்தான். ஆனால் பட்டை வேகவைப்பது கூட்டு வேலை. நாலைந்து ஆண்கள் சேர்ந்து விறகும் பட்டையும் போட்டு, அண்டா வைத்து, தங்கள் வலைகளை மாற்றி மாற்றி முக்கி எடுப்பார்கள். அந்தக் கூட்டில் விதவைக்கு இடமில்லை. பச்சையம்மாளின் வலை தப்பியதும் குமாரவேலு தன்னுடையதோடு சேர்த்துப் போட்டதால்தான். பாய் இதை யோசிக்கவில்லை.

ஆறு பேரும் ஒரு வெள்ளிக்கிழமை நாறும் வலைகளைத் தலையில் சுமந்துவந்து கடை வாசலில் போட்டார்கள். முன்னால் பச்சையம்மா. தொழுகை முடிந்து வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஒரு வலையை இழுத்தாள். ஈரப் பஞ்சாகப் பிய்ந்து கையோடு வந்தது.

"மாடு குடுத்தே பாய், சந்தோசம். வைக்கோலு யாரு குடுப்பா? இனிமே இவுங்களுக்கு ஒருத்தனும் மரத்துல எடம் தர மாட்டான். பொம்பள வலை ராசியில்லாத வலைன்னு பேர் கட்டிட்டானுங்க. இதுக்கு நீ அரிசியே போட்டிருக்கலாம்."

அமீருதீன் அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் வீட்டுப் பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சாவைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தரம் பட்டை வெந்தால் அதில் மறுபடி கஞ்சி காய்ச்ச முடியாது. அவர் மனைவி சாபிரா பீவி பின்னாலேயே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "மாமா காலத்துக் கஞ்சி நின்னு போச்சுன்னு நாலு பேர் பேசத்தான் செய்வாங்க" என்றாள். பிறகு, "வருஷா வருஷம் அதே முகங்களுக்கு ஊத்தி ஊத்தி எனக்கும் கை வலிக்குது. தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

கைவண்டியில் ஏற்றித் தண்டையார்பேட்டை வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாலு பேர் பேசினார்கள். கஞ்சிச் சட்டியில் மீன் வலையா என்று இரண்டு பெரியவர்கள் அவருடைய சலாமுக்கே பதில் சொல்லாமல் இருந்தார்கள். தோல் கிடங்கு வைத்திருந்த ஒரு தோஸ்து மட்டும், தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டை மூட்டைகளை அவிழ்க்கும்போது உதிர்கிறதை வாரம் ஒரு சாக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சாக்கோடுதான் ஞாயிறுதோறும் சைக்கிள் வருகிறது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பச்சையம்மா பார்த்துக்கொண்டாள். "நீ நூலோட நில்லு பாய். வலைய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். யாருக்கும் விலைக்கு வாங்கிய வலை கிடையாது. வேண்டுகிறவளுக்கு இன்னொருத்தி பின்னித் தருவாள். வாங்கிக்கொண்டவள் இரண்டு வருஷத்துக்குள் அடுத்தவளுக்கு ஒன்று பின்னிவிட வேண்டும். வாரம் ஒரு நாள் தேக்சாவடியில் விறகோடு வந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். எழுத்தில் ஒன்றும் இல்லை. பச்சையம்மாளுக்கு எழுதவும் தெரியாது. யார் வலை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், கோத்திரம் சொல்வதுபோல முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை ஒரே மூச்சில் சொல்வாள். செல்லம்மாளுடையது பதினைந்தாவது.

ராசியில்லாத வலை என்ற பேச்சு இரண்டு பருவத்தில் தானாக அடங்கிற்று. தேக்சாவில் வெந்த வலைகள் ஆண்களின் வலைகளைவிட அதிக நாள் உழைத்தன. பிறகு அந்த ஆண்களே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "யக்கா, இத்தையும் ஒரு முக்கு முக்கிக் குடேன்" என்று வந்தார்கள். கழி அவர்கள் கைக்கும் போயிற்று. புருஷன் செத்த மறு மாதமே பெண்ணை எவனுக்காவது இரண்டாம் தாரமாகத் தள்ளிவிடுகிற வழக்கம் அந்தக் குப்பத்தில் இப்போது குறைந்துபோயிற்று. விதவை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் திருவொற்றியூரில் பள்ளிக்கூடம் போகிறார்கள். கிராமக் கூட்டத்தில் வலைக்காரிகள் என்று ஓரமாக இடம் விட்டு உட்காரவைக்கிறார்கள். அமீருதீனுக்கு இதெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகத்தான் தெரிகிறது. தன்னுடைய இரண்டு கட்டு நூல் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகியிருக்கிறது. அதில் தன் கை எங்கே இருக்கிறது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பயமும் சந்தோஷமும் கலந்த ஒரு பிரமிப்பு அவருக்கு.

இதுவரை போன பதினாலு வலையும் வெளியார் மரத்தில் போனவை. வெளியாரிடம் பங்கு வாங்குவது சுலபம். ஊர் வழக்கம் துணை நிற்கும். ஒரே வீட்டுக்குள் போவது இதுதான் முதல் தடவை. இன்று பொன்னுரங்கம் கூறு போடாவிட்டால், நாளைக்கு ஒவ்வொருத்தியின் மச்சானும் மைத்துனனும் வலையைத் தன் மரத்துக்குக் கேட்பான். சோறு போடுகிறேன் என்பான். மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? இத்தனை வருஷத்து வேலை குழம்பு மீனோடு முடிந்துபோகும்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் அமீருதீன், கழியை நிறுத்தாமல். "பொன்னுரங்கம் எங்க கடையிலதான் நூல் எடுக்கிறான். நான் ஒரு வார்த்தை சொன்னாத் தட்ட மாட்டான்."

"சொல்லாத."

"ஏம்மா?"

"நீ சொல்லி அவன் குடுத்தான்னா அது நீ குடுத்த மாரி. நீ எத்தினி நாளைக்கு வந்து நிப்பே? நாளிக்கு நீ மவுத்தாப் போய்ட்டா அவ யாராண்ட போயி நிப்பா?"

சாவைச் சொல்லும் மவுத்து என்ற வார்த்தையை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டு அவர்மேலேயே போடுகிறாள். அமீருதீன் கழியை ஒரு சுற்று வேகமாகச் சுற்றினார்.

"அப்ப நீயாவது பேசுவியா?"

"நானும் பேச மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மரம் கரையை நெருங்குவது தெரிந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டாள். மீன் சந்தையில் சண்டைக்கு இறங்குகிறவர்கள் அப்படித்தான் செருகுவார்கள். செருகியது தனக்கே தெரியாத மாதிரி மணலில் இறங்கி நடந்தாள். பாய் கழியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

மரத்தில் பொன்னுரங்கமும் இரண்டு ஆட்களும். புது வலை ஏமாற்றவில்லை. வவ்வால் மீனும் வஞ்சிரமுமாக நல்ல பாடு கிடைத்திருந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. செல்லம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலி கூடையோடு ஒதுங்கி நின்றாள். பொன்னுரங்கம் குந்தி உட்கார்ந்து மீனைப் பிரித்தான். ஆட்கள் மூன்று பேருக்கு மூன்று கூறு. மரத்துக்கு ஒன்று. நாலோடு கையை உதறிக்கொண்டான். பிறகு தன் கூறிலேயே பெரிய வவ்வாலாக ஒன்றைப் பொறுக்கியெடுத்து எழுந்து வந்து செல்லம்மா கூடையில் போட்டான்.

"கொளம்பு வெச்சித் துன்னும்மா. கொழந்தைக்கும் முள்ளு எடுத்துக் குடு."

அன்பாகத்தான் சொன்னான். செல்லம்மா பச்சையம்மாளைப் பார்த்தாள். பச்சையம்மா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, எங்கேயோ தீப்பெட்டிக் கம்பெனிப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா பாயைப் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்ட வார்த்தையை அவர் எச்சிலோடு விழுங்கினார்.

ஒருவரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்பது செல்லம்மாளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. குழந்தையைக் கீழே இறக்கினாள். கூடையிலிருந்த வவ்வாலை இரண்டு கையாலும் எடுத்துப் போய்ப் பொன்னுரங்கத்தின் கூறின்மேல் வைத்தாள். பிறகு ஆட்கள் குந்தியிருந்த வட்டத்தில், இரண்டு பேருக்கு நடுவில் இருந்த இடத்தில் தானும் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"வலைக்கு இன்னும் கூறு போடல மாமா."

"நான் சோறு போட மாட்டனாம்மா?" பொன்னுரங்கத்துக்குக் குரல் உடைந்தது. ஊர் முன்னால் தன்னை யாரோ அறைந்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"போடு மாமா, துன்றேன். ஒன் வூட்டுச் சோறுதான் துன்னுகினு கீறேன். வலைக்குக் கூறு போடு."

அவள் எழுந்திருக்கவில்லை. காக்கைகள் கிட்டே வந்துவிட்டன. யாரும் விரட்டவில்லை. அமீருதீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முகம் பழக்கப்பட்ட பெண்தான்; நூல் கேட்டு வந்தபோது தலையே நிமிராத பெண். இந்தத் தைரியத்தை யாரும் இவளுக்குப் பின்னிக் கொடுக்கவில்லையே என்று நினைத்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

பொன்னுரங்கம் தம்பி மகளைப் பார்த்தான். அது கூறுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு நண்டுக் காலை இழுத்துக்கொண்டிருந்தது. அவன் மெல்லக் குந்தினான். நாலு கூறையும் இரண்டு கையால் வாரி ஒன்றாகக் குவித்தான். முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, ஐந்தாகப் பிரிக்க ஆரம்பித்தான்.

பச்சையம்மா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, ஒரு உதறு உதறி, தோளில் தளரப் போட்டுக்கொண்டாள்.